அரசி ஹுவானா மீது சுமத்தப்பட்ட பித்து

1504 முதல் 1555 வரை அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காஸ்டீல் நாட்டின் சட்டப்படியான அரசியாக இருந்த ஹுவானாவைப் பற்றிப் பொதுவில் நிலைபெற்றிருக்கும் கருத்து சுருக்கமானது. அழகனான கணவன் பிலிப்பின் மீது கொண்ட அளவிறந்த காதலாலும் பொறாமையாலும் அவர் அறிவு பிறழ்ந்தார். கணவன் இறந்தபின் அவனுடைய சவப்பெட்டியுடன் ஸ்பெயின் முழுவதும் இரவிரவாக அலைந்தார். ஆளும் ஆற்றலை இழந்துவிட்ட அவரைத் தந்தை பெர்டினாண்டும் பின்னர் மகன் சார்லசும் தோர்தெசில்லாஸ் அரண்மனையில் வைத்துப் பேணி, அவருடைய பொறுப்பைத் தாங்கள் ஏற்று நாட்டை நடத்தினார்கள். நாடகத்திலும் ஓவியத்திலும் திரைப்படத்திலும் 'பித்துப் பிடித்த ஹுவானா' என்ற பட்டப்பெயரிலும் இந்தக் கருத்து ஆழப் படிந்துவிட்டதால், அதற்கு ஆதாரம் எது, அந்த ஆதாரத்தை எழுதி வைத்தவர் யார், அதனால் அவர் அடைந்த ஆதாயம் என்ன என்ற எளிய வினாக்கள்கூட அரிதாகவே எழுப்பப்படுகின்றன. எழுப்பினால் கிடைக்கும் விடை, இக்கருத்தின் காரண காரிய வரிசையையே புரட்டிப் போடுகிறது: ஆட்சியை ஹுவானாவிடமிருந்து எடுக்க வேண்டியிருந்தவர்கள் முதலில் அவரைப் பித்தர் என்றார்கள்; பிறகு அவரை அடைத்து வைத்தார்கள்; அடைபட்ட வாழ்வில் அவரிடம் தோன்றிய நடத்தைகளை, அவரை அடைத்ததற்கான நியாயமாக எழுதி வைத்தார்கள்.

ஹுவானா எந்நாளும் மனத்துயர் அறியாதவர் என்று நிறுவுவது இம்மறுப்பின் நோக்கம் அன்று. அவர் பல நாள் உண்ண மறுத்ததும், தரையில் படுத்ததும், சினத்தால் கொதித்ததும், சில காலங்களில் திருப்பலி எனப்படும் கத்தோலிக்க வழிபாட்டில் கலந்துகொள்ள மறுத்ததும் ஆவணங்களில் பதிவாகியுள்ளன. ஆழ்ந்த சோர்வு அவரை அவ்வப்போது வாட்டியது என்று கொள்வதில் தடையில்லை. மறுக்கப்படுவது, அத்துயர் அவரை ஆளத் தகுதியற்றவராக்கியது என்ற முடிவும், அம்முடிவுக்கு வந்தவர்கள் அவருடைய நலம் நாடியவர்கள் என்ற நம்பிக்கையும் ஆகும்.

இன்று மக்கள் மனத்தில் வாழும் ஹுவானா பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் படைப்பு. 1855இல் மனுவேல் தமாயோ இ பவுஸ் எழுதிய 'காதல் பித்து' என்னும் நாடகம் ஒரு வடிவத்தைத் தந்தது. 1877இல் பிரான்சிஸ்கோ பிரதில்யா வரைந்து இன்று மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள பேரளவு ஓவியம், குளிர்காலத் திறந்த வெளியில் சவப்பெட்டியின் அருகே வெறித்த பார்வையுடன் நிற்கும் கருவுற்ற விதவையாக அவரை நிலைநிறுத்தியது. 1948இலும் 2001இலும் வந்த திரைப்படங்கள் அதையே தொடர்ந்தன. இவற்றின் கலைமதிப்பு வேறு செய்தி. ஆனால் இவை அனைத்தும் சேர்ந்து செய்த தீங்கு ஒன்று உண்டு: மணிமுடி யாருக்கு உரியது என்ற அரசியல் வழக்கு, மனைவி ஒருத்தியின் பொறாமைக் கதையாகச் சுருங்கிவிட்டது.

அந்த வழக்கைப் புரிந்துகொள்ள ஹுவானா எப்படி அரசியானார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1479 நவம்பர் 6ஆம் நாள் தொலேதோ நகரில், காஸ்டீல் அரசி முதலாம் இசபெலுக்கும் அரகோன் அரசர் பெர்டினாண்டுக்கும் மூன்றாவது குழந்தையாகப் பிறந்த அவர், மறுமலர்ச்சிக் காலக் கல்வியை முழுமையாகப் பெற்றவர். இத்தாலிய அறிஞர் அலெசாந்திரோ ஜெரால்தீனி அவருக்கு ஆசிரியராக இருந்தார். பிளாண்டர்ஸ் நகரங்களில் இலத்தீனில் வாசிக்கப்பட்ட வரவேற்புரைகளுக்கு அவர் முன்னாயத்தமின்றி இலத்தீனிலேயே விடையளித்ததை, பெண்கல்வி பற்றி எழுதிய மனிதநேய அறிஞர் ஹுவான் லூயிஸ் விவெஸ் பாராட்டிப் பதிவு செய்திருக்கிறார். 1496இல், பதினேழு வயது நிறைவதற்குச் சற்று முன், புனித ரோமானியப் பேரரசர் மாக்சிமிலியனின் மகனும் பர்கண்டி, நெதர்லாந்துப் பகுதிகளின் ஆட்சியாளருமான பிலிப்புக்கு அவர் மணமுடிக்கப்பட்டார். அந்த மணம் பிரான்சைச் சுற்றி வளைக்கும் கூட்டணிக்காக நடந்தது. அவர் ஒருநாள் காஸ்டீலை ஆள்வார் என்று அன்று யாரும் கருதவில்லை. ஆனால் அண்ணன் ஹுவான் 1497இலும், போர்த்துக்கல் அரசியாகியிருந்த அக்கா இசபெல் 1498இலும், அந்த அக்காவின் குழந்தை மிகுவேல் 1500இலும் இறந்துபோக, வேற்று நாட்டில் பிள்ளை பெற்று வாழ்ந்துகொண்டிருந்த இரண்டாம் மகள் திடீரென்று ஸ்பெயினின் வாரிசானார். 1502இல் காஸ்டீல், அரகோன் இரு நாடுகளின் பிரதிநிதி மன்றங்களும் அவரை வாரிசாக ஏற்று உறுதிமொழி எடுத்தன.

அதுவரை பிளாண்டர்ஸ் அரண்மனையில் ஹுவானாவின் நிலை எப்படி இருந்தது என்பதற்கு, தாய் இசபெல் அனுப்பிய துறவி தோமாஸ் தெ மத்தியென்சோவின் கடிதங்கள் சான்று. அவருடைய வருவாய் கணவனுடைய ஆட்களின் கையில் இருந்தது. ஊழியர்களுக்குக் கொடுக்கவும் அவரிடம் பணமில்லை. உடன்வந்த காஸ்டீல்காரர்களின் இடத்தைப் படிப்படியாகப் பிலிப்பின் ஆட்கள் பிடித்திருந்தார்கள். தன் வீட்டின் கணக்கே தன் கையில் இல்லாத பெண்ணின் சினம் கணவனின் காதலிகளைப் பற்றியது மட்டும்தான் என்று வாசிப்பது அக்கடிதங்களுக்குச் செய்யும் அநீதி. பித்து என்ற பேச்சு வலுப்பெறுவது அவர் வாரிசான பின்னரே என்பதும் கவனிக்கத்தக்கது. வெறும் இளவரசியின் மனநிலையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. மணிமுடிக்கு உரியவராக ஆனவுடன் அது அரசுகளின் கவலையாகிவிட்டது.

நிலைபெற்ற கருத்தின் ஆதரவாளர்கள் முதலில் சுட்டுவது, மெதினா தெல் காம்போ நகரிலுள்ள லா மோத்தா கோட்டையில் 1503 நவம்பரில் நடந்ததைத்தான். பிலிப் முந்தைய ஆண்டு டிசம்பரிலேயே கருவுற்றிருந்த மனைவியை விட்டுவிட்டு வடக்கே திரும்பியிருந்தார்; ஹுவானா 1503 மார்ச்சில் இரண்டாம் மகன் பெர்டினாண்டைப் பெற்றபின் கணவனிடமும் அங்கு விட்டுவந்த மூன்று குழந்தைகளிடமும் செல்ல விரும்பினார்; பிரான்சுடன் போர் நடந்ததைக் காட்டித் தாய் தடுத்தார். அவர் புறப்பட முனைந்தபோது ஆயர் பொன்சேக்கா கோட்டை வாயிலை அடைக்கச் செய்தார். ஹுவானா உள்ளே செல்ல மறுத்துக் கடுங்குளிரில் வாயிலருகே வெட்டவெளியில் தங்கினார். சேகோவியாவிலிருந்து நோயுற்ற நிலையில் விரைந்து வந்த தாயிடம், எந்த மகளும் பேசக்கூடாத சொற்களைப் பேசினார் என்று அத்தாயே தம் தூதருக்கு எழுதினார். இது சினத்தின் உச்சம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இருபத்து நான்கு வயதான, ஐரோப்பாவின் மிகப் பெரிய வாரிசுரிமைகளில் ஒன்றுக்கு உரிய பெண், தம் விருப்பத்துக்கு மாறாகக் கோட்டைக்குள் வைத்துப் பூட்டப்பட்டு, தம் குழந்தைகளிடம் செல்வதற்குத் தடுக்கப்பட்டபோது காட்டிய எதிர்ப்பு அது. அவரிடம் படையில்லை, ஆணையிட அதிகாரமில்லை. உண்ணாமையும் உள்ளே வராமையும் தவிர வேறு ஆயுதம் அவருக்கு விடப்படவில்லை. அடுத்த ஆண்டு வசந்தத்தில் அவரை அனுப்பியே ஆக வேண்டியிருந்தது என்பது அவ்வாயுதம் பயன் தந்ததைக் காட்டுகிறது.

இரண்டாவதாகச் சுட்டப்படுவது தாயின் உயில். இது வலுவான வாதம், ஏனெனில் இசபெலுக்கு மகளைக் கெடுக்க வேண்டிய தேவை இல்லை. 1504 அக்டோபர் 12ஆம் நாள் எழுதப்பட்ட அந்த உயில் ஹுவானாவையே காஸ்டீலின் உரிமையுள்ள அரசியாக அறிவித்துவிட்டு, அவர் நாட்டில் இல்லாதபோதோ, இருந்தும் ஆள விரும்பாதபோதோ, இயலாதபோதோ, பேரன் சார்லசுக்கு இருபது வயது நிரம்பும்வரை பெர்டினாண்டு ஆட்சியை நடத்தலாம் என்று கூறுகிறது. இப்பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, தாயே மகளைப் பித்தர் என்று ஒப்பினார் என முடிவு கட்டுகிறார்கள். ஆனால் உயிலில் பித்து என்ற குற்றச்சாட்டே இல்லை. வெளிநாட்டார் எவருக்கும் காஸ்டீலின் பதவிகளைக் கொடுக்கக்கூடாது என்ற கண்டிப்பான விதி இருக்கிறது. இசபெல் அஞ்சியது பிலிப்பையும் அவருடைய பிளாண்டர்ஸ் ஆலோசகர்களையும்தான். மகள் பிரசெல்சில் கணவனின் பிடியில் இருக்கும்வரை காஸ்டீல் அந்நியர் கைக்குப் போகாமல் காக்கும் வழியாகவே அவ்விதி எழுதப்பட்டது. பொதுப்பட எழுதப்பட்ட ஐயத்தை உறுதியான தீர்ப்பாக மாற்றியது தாயல்ல, தந்தை.

நவம்பர் 26ஆம் நாள் இசபெல் இறந்தார். அதற்குப் பின்வந்த இருபது மாதங்களில் நடந்தவையே இவ்வழக்கின் மையம். பிலிப், மனைவியின் ஒவ்வொரு செயலையும் குறித்து நாட்குறிப்பு ஒன்றை எழுதுமாறு ஹுவானாவின் கருவூல அதிகாரியான மார்த்தின் தெ மொஹிகாவை ஏவியிருந்தார்; அந்தக் குறிப்பு, மனைவியை அடக்கி வைக்கத் தமக்கு உரிமை உண்டு என்பதற்குச் சான்றாக ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டது. அதே குறிப்பைப் பெர்டினாண்டு எடுத்துக்கொண்டார். 1505 சனவரியில் தோரோ நகரில் கூடிய கோர்த்தெஸ், அதாவது நகரப் பிரதிநிதிகளின் மன்றம், ஹுவானாவை அரசியாக ஏற்று உறுதிமொழி எடுத்தபின், அவருடைய நிலை பற்றிய செய்திகள் அதன் முன் வைக்கப்பட்டன. அவர் ஆள இயலாதவர் என்று ஏற்று மன்றம் பெர்டினாண்டை ஆட்சிப் பொறுப்பாளராக அறிவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர் அப்போது பிரசெல்சில் இருந்தார்; அவரை அம்மன்றத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

மனைவியை அடக்கத் தாம் தீட்டிய கருவி மாமனாரின் கைக்குப் போய்த் தம்மையே ஆட்சியிலிருந்து விலக்கியதைக் கண்ட பிலிப் உடனே நிலைமாற்றினார். 1505 மே மாதம் பிரசெல்சிலிருந்து ஹுவானாவின் பெயரில் ஸ்பெயினிலுள்ள தூதருக்கு ஒரு கடிதம் சென்றது. தாம் அறிவு பிறழ்ந்தவர் என்று பரப்பப்படுவதை அக்கடிதம் மறுக்கிறது; பொறாமை தம் தாயிடமும் இருந்ததென்றும் காலம் அவரைக் குணப்படுத்தியதென்றும் நினைவூட்டுகிறது; ஆட்சியைக் கணவரிடமிருந்து பறிக்கத் தாம் உடன்படப் போவதில்லை என்கிறது. அச்சொற்கள் ஹுவானாவுடையவையா, பிலிப்பின் செயலர்கள் எழுதியவையா என்று அறிஞர்கள் வாதிட்டு வருகிறார்கள். எழுதியவர் யாராயினும், மனைவியின் பித்தை எழுத்தில் பதிவு செய்யச் சொன்ன அதே கணவன் சில மாதங்களிலேயே அவர் தெளிந்த அறிவுடையவர் என்று உலகுக்குச் சொல்லத் தயாராக இருந்தார் என்பதை அக்கடிதம் நிறுவிவிடுகிறது.

1506 ஏப்ரலில் இருவரும் லா கொருன்யாவில் தரையிறங்கினார்கள். காஸ்டீல் பிரபுக்களில் பெரும்பாலோர் பிலிப்பின் பக்கம் சாய, பெர்டினாண்டு விட்டுக்கொடுத்தார். ஜூன் 27ஆம் நாள் வில்லாபாபிலாவில் மாமனும் மருமகனும் செய்த உடன்படிக்கை, ஹுவானா ஆள விரும்பவில்லை என்றும் ஆண்டால் நாடு அழியும் என்றும் கூறி அவரை இருவருமாக விலக்கியது. அதே நாள் பெர்டினாண்டு சாட்சிகளை வைத்து, தாம் வற்புறுத்தலுக்கு ஆட்பட்டே கையெழுத்திட்டதாகவும், தம் மகளைச் சிறையிலிருந்து மீட்பது தம் கடமை என்றும் இரகசியமாக மறுப்புரை எழுதி வைத்தார். காலையில் ஆளத் தகுதியற்றவர், மாலையில் அநியாயமாகச் சிறைப்பட்ட அரசி! பித்து உண்மையான நோயாகக் கருதப்பட்டிருந்தால் அதற்கு ஒரு தொடக்கமும் போக்கும் மருத்துவர்களின் சாட்சியமும் இருந்திருக்கும். இங்கு அது உடன்படிக்கைகளின் தேதிகளோடு தோன்றுகிறது, மறைகிறது.

இந்த இடத்தில் அரசியை நேரில் கண்டவர்களின் சொல் எடை பெறுகிறது. பிலிப் தம் மனைவியை அடைத்து வைக்கப் பிரபுக்களின் இசைவைக் கேட்டபோது, காஸ்டீலின் கடற்படைத் தலைவர் பதவியை வகித்த பத்ரீக்கே என்ரீக்கெஸ், அரசியைப் பாராமல் கையெழுத்திட முடியாது என்றார். முசியேந்தெஸ் கோட்டையில் அவருடன் மணிக்கணக்கில் பேசிவிட்டு, பொருந்தாத விடை எதையும் அவர் சொல்லவில்லை என்று அறிவித்தார். சூலையில் வல்லடோலிடில் கூடிய கோர்த்தெஸ் அவரை ஆள இயலாதவர் என்று அறிவிக்க மறுத்து, உரிமையுள்ள அரசியாக அவருக்கும், அவருடைய சட்டப்படியான கணவராகப் பிலிப்புக்கும் உறுதிமொழி எடுத்தது. ஆவணத்தை மட்டும் கேட்ட தோரோ மன்றம் ஒரு தீர்ப்பைத் தந்தது. அரசியையே கண்ட வல்லடோலிட் மன்றம் வேறொரு தீர்ப்பைத் தந்தது. முதலாவதை நினைவில் வைத்து இரண்டாவதை மறந்தது வரலாற்று நூல்களின் தேர்வு. அதே ஆண்டின் தொடக்கத்தில் புயலால் இங்கிலாந்தில் ஒதுங்கியபோது அவரைக் கண்ட ஏழாம் ஹென்றியும், கணவனும் உடனிருந்தோரும் அவரைப் பித்தர் என்று காட்டினாலும் தமக்கு அவ்வாறு தோன்றவில்லை என்று பின்னாளில் ஸ்பானியத் தூதரிடம் கூறினார். ஹென்றி அப்போது அவரை மணக்க விரும்பியவர் என்பதால் அச்சாட்சியத்தை அளவோடுதான் ஏற்க வேண்டும்; ஆனால் அந்த அளவுகோலைப் பிலிப்புக்கும் பெர்டினாண்டுக்கும் பயன்படுத்தாமல் ஹென்றிக்கு மட்டும் பயன்படுத்துவது நேர்மையாகாது.

1506 செப்டம்பர் 25ஆம் நாள் புர்கோஸ் நகரில் பிலிப் திடீரென்று இறந்தார். இனிச் சவப்பெட்டிக் கதை. அது நாடெங்கும் நடந்த அலைச்சல் அன்று. புர்கோசுக்கு அருகிலிருந்த மிராப்லோரெஸ் துறவிமடத்திலிருந்து டிசம்பரில் புறப்பட்ட ஊர்வலம் தோர்கெமாதா, ஓர்னில்யோஸ் என்று பக்கத்துச் சிற்றூர்களில் மாதக்கணக்கில் தங்கி நின்றது. சேரவேண்டிய இடம் கிரனடா. அங்குதான் கத்தோலிக்க அரசர்கள் எனப்பட்ட இசபெலும் பெர்டினாண்டும் தம் குலத்துக்கெனக் கல்லறைத் தேவாலயம் நிறுவியிருந்தார்கள். அங்குதான் இசபெல் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். பிலிப்பை அங்கு அடக்குவது, அவருடைய மகன் சார்லஸ் ஸ்பானிய அரசகுலத்தின் முறையான வழித்தோன்றல் என்பதைக் கல்லில் எழுதுவதாகும். புர்கோஸ் பகுதியில் கொள்ளைநோய் பரவியிருந்தது. ஹுவானாவோ நிறைகர்ப்பிணி; வழியில் தோர்கெமாதாவில் 1507 சனவரி 14ஆம் நாள் கடைசி மகள் கத்தலினாவைப் பெற்றார். பயணம் நின்றதற்குக் காரணம் தேடப் பித்து வரை செல்ல வேண்டியதில்லை. பெட்டியைத் திறக்கச் சொன்னது உண்மை. பிலிப்பின் இதயம் எடுக்கப்பட்டுப் பிளாண்டர்சுக்கு அனுப்பப்பட்டிருந்த சூழலில், உடலையும் கொண்டுபோய்விட்டார்களா என்று சோதிக்க அரசிக்குக் காரணம் இருந்தது. இரண்டே ஆண்டுகளுக்கு முன், இசபெலின் உடலை மெதினா தெல் காம்போவிலிருந்து கிரனடாவுக்கு, வெள்ளமும் புயலும் வழிமறித்த குளிர்காலத்தில், மூன்று வாரம் சுமந்து சென்றார்கள். அப்பயணத்துக்கு ஆணையிட்ட பெர்டினாண்டை யாரும் பித்தர் என்று சொன்னதில்லை.

ஊர்வலம் புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன் ஹுவானா கையெழுத்திட்ட ஆணை ஒன்று, ஓவியங்களில் இடம்பெறாதது. தம் தாய் இறந்ததிலிருந்து பிலிப் தம் ஆதரவாளர்களுக்கு வாரி வழங்கியிருந்த மானியங்கள் அனைத்தையும் அது நீக்கியது. காதலால் அறிவிழந்த விதவை, கணவன் இறந்த மூன்றாம் மாதத்தில், அவனுடைய ஆட்சியின் அடித்தளத்தையே ரத்து செய்து தம் தாயின் காலத்து நிலையை மீட்டார். ஆட்சியறிவு இல்லாதவருக்கு இந்த ஆணை தோன்றியிருக்காது. காதல் பித்தருக்கு இதில் கையெழுத்திட மனம் வந்திருக்காது. ஆனால் இந்த ஆணையால் இழப்பவர்கள் காஸ்டீலின் பெரும் பிரபுக்கள். அவர்களும், நேப்பிள்சில் இருந்த பெர்டினாண்டும், அவரை வரவழைக்க முனைந்த தொலேதோ பேராயர் சிஸ்னெரோசும் விரும்பியது ஆணையிடும் அரசியை அல்ல. தந்தையை ஆட்சிக்கு அழைக்கும் கடிதத்தில் கையெழுத்திடுமாறு அவரை நெருக்கினார்கள், அவர் மறுத்தார். அந்த மறுப்பையும் அரசுப்பணியில் நாட்டமின்மை என்று எழுதினார்கள். மகளாகவும் மனைவியாகவும் பல தாள்களில் தம் உரிமை கைமாறியதைக் கண்ட ஒருவருக்குக் கையெழுத்து என்பது கடைசிக் காப்பு.

அரசர்களின் மனநோய் அக்கால ஐரோப்பாவுக்குப் புதியதன்று. பிரெஞ்சு அரசர் ஆறாம் சார்லஸ் 1392இல் வெறி தலைக்கேறித் தம் வீரர்களையே வெட்டிக் கொன்றார். தம் உடல் கண்ணாடியால் ஆனது, உடைந்துவிடும் என்று நம்பினார். ஆயினும் 1422இல் இறக்கும்வரை அவர் அரசராகவே நடத்தப்பட்டார். தெளிந்த நாள்களில் அவை நடத்தினார், ஆணைகளில் கையெழுத்திட்டார். இங்கிலாந்தின் ஆறாம் ஹென்றி 1453இல் பேச்சும் உணர்வும் அற்று ஓராண்டுக்கும் மேல் கிடந்தபோது பாதுகாவலர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அரசர் தேறியதும் ஆட்சி அவரிடம் திரும்பியது. ஹுவானா யாரையும் கொல்லவில்லை, உணர்வற்றுக் கிடக்கவில்லை. அவருக்கு மட்டும் தெளிவை நிரூபிக்கும் வாய்ப்பே தரப்படாமல் வாழ்நாள் அடைப்பு விதிக்கப்பட்டதற்கு, அவர் பெண் என்பதையும், அவருக்கு மாற்றாக ஆள ஆண்கள் அணிவகுத்து நின்றார்கள் என்பதையும் தவிர வேறு விளக்கம் இல்லை.

1507இல் திரும்பிய பெர்டினாண்டு, 1509 பிப்ரவரியில் மகளைத் தோர்தெசில்லாசுக்குக் கொண்டுபோனார். 1494இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் உலகின் கடல்வழிகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட உடன்படிக்கை கையெழுத்தான ஊர் அது. 1509இலேயே பெர்டினாண்டின் இரண்டாம் மனைவி ஜெர்மேன் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார். அது சில மணி நேரத்தில் இறந்தது. பிழைத்திருந்தால் அரகோன் ஹுவானாவின் கையைவிட்டுப் போயிருக்கும். மகளின் நலனுக்காக ஆண்டதாகச் சொல்லப்படும் தந்தை, மகளின் பரம்பரையில் பாதியை வேறு வாரிசுக்குக் கொடுக்க முயன்றுகொண்டே அவரைப் பூட்டி வைத்திருந்தார்.

அடைப்பு எப்படி நடந்தது என்பதை அடைத்தவர்களே எழுதியிருக்கிறார்கள். முதல் காவலரான லூயிஸ் பெர்ரர், 1516இல் பெர்டினாண்டு இறந்தபின் பதவி பறிக்கப்பட்டபோது, அரசி பட்டினியால் சாகாமல் காக்கப் பெர்டினாண்டின் ஆணைப்படி கயிற்றைப் பயன்படுத்த வேண்டியிருந்தது என்று தம்மைக் காத்து எழுதினார். அது எவ்வகை வதை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, வன்முறை நடந்தது என்பதில் இல்லை. 1518இல் மகன் சார்லஸ் அமர்த்திய தெனியா பிரபு, ஒரு பொய்யுலகத்தையே அமைத்தார். பெர்டினாண்டு இறந்துவிட்ட செய்தி ஹுவானாவுக்கு மறைக்கப்பட்டது. இறந்த தந்தைக்குக் கடிதம் எழுதுமாறு அவர் தூண்டப்பட்டார். பேரரசர் மாக்சிமிலியனின் சாவும் அவ்வாறே மறைக்கப்பட்டது. அரசியைப் பற்றி வேறு யாரிடமும் பேசவோ எழுதவோ கூடாது என்பது தெனியாவுக்குச் சார்லஸ் இட்ட கட்டளை. உடனிருந்த ஒரே மகள் கத்தலினாவைச் சுவரை உடைத்து இரகசியமாக வெளியே கொண்டுபோனார்கள். ஹுவானா உண்ண மறுத்தபின்தான் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 1521இல் பதினான்கு வயதுக் கத்தலினா அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், ஆற்றைப் பார்க்கக்கூடிய நடைக்கு வரவிடாமல் தம் தாயை வெளிச்சமில்லாத அறையில் பூட்டுகிறார்கள் என்று முறையிட்டார். இத்தகைய வாழ்வில் உண்ண மறுப்பவரையும் காவலர்மீது பொருள்களை எறிபவரையும் கண்டு, அவர் பிறவியிலேயே பித்தர் என்று முடிவு செய்வது, காலில் விலங்கிடப்பட்டவரை நடக்கத் தெரியாதவர் என்று பழிப்பதற்கு ஒப்பாகும். இருபதாம் நூற்றாண்டில் சிலர் அவருக்கு மனச்சிதைவு நோய் என்று பெயரிட்டதும் இதே காவலர்களின் கடிதங்களை வைத்துத்தான்.

பொய்யுலகம் ஒரே ஒருமுறை உடைந்தது. சார்லஸ் பேரரசர் பதவியை ஏற்க 1520இல் நாட்டைவிட்டுப் போனதும், அவருடைய வரிகளையும் வெளிநாட்டு அதிகாரிகளையும் எதிர்த்துக் காஸ்டீல் நகரங்கள் கிளர்ந்தெழுந்தன. கொமுனேரோக்கள் எனப்பட்ட இக்கிளர்ச்சியாளர்கள் ஆகஸ்டு இறுதியில் தோர்தெசில்லாசைப் பிடித்து, தெனியாவை விரட்டி, அரசியின் முன் நின்றார்கள். செப்டம்பர் 24ஆம் நாள் நகரப் பிரதிநிதிகளுக்கு அவர் அளித்த விடையை எழுத்தர்கள் பதிந்தார்கள். தந்தை இறந்ததைத் தாம் அறியாதிருந்ததையும், தம்மைச் சூழ்ந்திருந்தவர்கள் பொய்யே சொல்லி வந்ததையும் அவர் எடுத்துரைத்தார். மக்கள்மீது தமக்குள்ள அன்பைக் கூறினார். இத்தனை பேரோடும் பேசுவது கடினம் என்பதால் தங்களுக்குள் அறிவுடைய நால்வரைத் தேர்ந்தெடுத்து அனுப்புமாறு கேட்டார். பதினொரு ஆண்டு அடைப்புக்குப் பின் அவர் முதலில் முன்வைத்தது ஓர் ஆட்சி நடைமுறை! சார்லசின் சார்பில் ஆண்ட உட்ரெக்ட் அட்ரியன், பின்னாளில் போப் ஆனவர், கிளர்ச்சியாளருக்கு எவ்வகையிலும் நண்பரல்லர். அவரே அரசருக்கு எழுதிய கடிதத்தில், அரசி திருமணத்தின்போது இருந்த அளவு தெளிந்த அறிவுடனேயே எப்போதும் இருந்தார் என்றும், பித்து என்ற பேரில் பதினான்கு ஆண்டுகள் அநியாயமாக அடைத்து வைக்கப்பட்டார் என்றும் அவருடைய பணியாளர் ஏறக்குறைய எல்லோரும் கூறுவதாகத் தெரிவித்தார்.

கிளர்ச்சியாளர்கள் கேட்டது ஒரு கையெழுத்து. அது கிடைத்திருந்தால் சார்லசின் ஆட்சி சட்டத்துக்குப் புறம்பானதாகியிருக்கும். ஹுவானா விடுதலை பெற்றிருப்பார். மாதக்கணக்கில் கெஞ்சியும் நெருக்கியும் அவர் கையெழுத்திடவில்லை, டிசம்பர் 5ஆம் நாள் அரசப் படை ஊரைப் பிடித்தது, தெனியா திரும்பினார். தம் விடுதலைக்கான தாளில்கூடக் கையெழுத்திடத் தெரியாத அளவு அறிவிழந்தவர் என்பதே இதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம். அவ்விளக்கம் அவருடைய நிலையில் நின்று பார்க்க மறுக்கிறது. கையெழுத்திட்டிருந்தால் மகனின் உரிமையை அழித்து, வெற்றி பெறுமா என்று தெரியாத ஒரு கிளர்ச்சியிடம் அரசுரிமையை ஒப்படைத்திருப்பார். 1506இலிருந்து அவர் காத்து வந்தது அந்த உரிமையைத்தான். அவருடைய மறுப்பே சார்லசின் அரியணையைக் காப்பாற்றியது. 1521 ஏப்ரலில் வில்லலாரில் கொமுனேரோக்கள் தோற்றார்கள். கைம்மாறாக மகன் அவருக்குத் தெனியாவைத் திருப்பிக் கொடுத்தார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரந்த பேரரசின் தலைவரைப் பற்றிய புகழுரைகளில் இச்செயலுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

இம்மறுப்பின் பெயரால் முன்வைக்கப்பட்ட ஒரு மிகையையும் விலக்க வேண்டும். 1868இல் சிமாங்காஸ் ஆவணக்காப்பகத்தின் கடிதங்களை வெளியிட்ட செர்மானிய அறிஞர் குஸ்தாவ் பெர்கன்ரோத், ஹுவானா கத்தோலிக்க நெறியை மறுத்ததற்காகவே அடைக்கப்பட்டார் என்று வாதிட்டார். ஆவணங்களை வெளிக்கொணர்ந்த பெருமை அவருக்கு உண்டு. ஆனால் வழிபாட்டை மறுத்தது குழந்தைகளிடமிருந்து பிரிக்கப்பட்டவரின் எதிர்ப்பு என்பதற்கு மேல், சமயக் கொள்கை மாற்றம் என்பதற்கு அவை சான்றாகா. புதிய காரணம் தேவையில்லை. பெதனி ஆராம் போன்ற பிற்கால ஆய்வாளர்கள் காட்டியபடி, அதிகாரம் என்ற பழைய காரணமே போதும்.

இறுதியாக எழுப்பப்படும் எதிர்வாதம், கடைசி ஆண்டுகளைப் பற்றியது. 1554இல் அவரைக் காண வந்த இயேசு சபைத் துறவி பிரான்சிஸ்கோ தெ போர்ஹாவிடம், பணிப்பெண்கள் சூனியக்காரிகள், தம் வழிபாட்டைக் கெடுக்கிறார்கள் என்று அவர் முறையிட்டார். எழுபத்தைந்து வயதை நெருங்கிய, கால்கள் செயலிழந்த, நாற்பத்தைந்து ஆண்டு அடைப்பில் இருந்த ஒரு மூதாட்டியின் மனம் அப்போது கலங்கியிருந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். அது 1554ஐப் பற்றிய சான்று. 1506ஐப் பற்றிய சான்றாகாது. 1506இல் அவரை ஆட்சியிலிருந்து விலக்க முனைந்தவர்கள் அதைக் கண்டு விலக்கவில்லை. அவர் மீதான தீர்ப்பை அவர்களே முழுமையாக நம்பவும் இல்லை: 1518இல் வல்லடோலிட் கோர்த்தெஸ் சார்லசை அரசராக ஏற்றபோது, ஆணைகளில் தாயின் பெயரே முதலில் வரவேண்டும் என்றும், அவர் உடல்நலம் தேறினால் சார்லஸ் ஆட்சியிலிருந்து விலக வேண்டும் என்றும் விதித்தது, சார்லஸ் அதை ஏற்றார். 1555 ஏப்ரல் 12ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, ஹுவானா இறக்கும்வரை காஸ்டீலின் அரசாணைகள் முதலில் அவர் பெயரையும் அடுத்துத் தம் பெயரையும் தாங்கியே சார்லசால் வெளியிடப்பட்டன. அவர் தேறிவிட்டாரா என்று நடுநிலையான எவரையும் அனுப்பிச் சோதிக்க முப்பத்தேழு ஆண்டுகளில் சார்லஸ் ஒருமுறைகூட ஆணையிட்டதாக ஆவணங்கள் காட்டவில்லை. காஸ்டீல் மணிமுடியைத் தம் மகன் பிலிப்புக்கு அவர் கையளித்தது, தாய் இறந்து ஒன்பது மாதங்களுக்குப் பின், 1556 சனவரியில்தான்.